வார்டில் கூட இருப்பது: புற்றுநோய்ச் சிகிச்சையும் குமரி மாவட்டத்துக் குழந்தைகளும்

புற்றுநோய் வந்த சிறு குழந்தையை மருத்துவமனையில் எப்படித் தாங்குவது? இந்தக் கேள்விக்குக் கடந்த எழுபது ஆண்டுகளில் ஒன்றையொன்று மறுக்கும் பதில்கள் வந்திருக்கின்றன. பெற்றோரை வார்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்கள். பிறகு உள்ளே விடச் சொன்னார்கள். நோயின் பெயரைக் குழந்தையிடம் சொல்லக் கூடாது என்றார்கள். பிறகு சொல்லாமலிருப்பதுதான் தீங்கு என்றார்கள். பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பியவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். இந்தப் பதில்கள் பெரும்பாலும் லண்டன், பாஸ்டன், ஸ்டாக்ஹோம் வார்டுகளில் பிறந்தவை. நாகர்கோவிலிலிருந்தோ தூத்தூரிலிருந்தோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு (ஆர்.சி.சி.) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு அவற்றில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

சிகிச்சை கேட்கும் விலை

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. அதிலும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற வகைக்கு. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அது சில மாதங்களே நீடித்தது. ஆனாலும் வேதிமருந்தால் இந்த நோய் பின்வாங்கும் என்பதற்கு அதுவே முதல் சான்று. அந்த மருந்து வந்த லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அடுத்து வந்த வின்கிரிஸ்டின், நம் ஊர் வீட்டு முற்றத்திலும் தரிசிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரிக்கப்பட்டது. இன்று பணக்கார நாடுகளில் இந்த வகை லுகேமியா வந்த குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் குழந்தைப் புற்றுநோய் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மூவரில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. 2030க்குள் உலக அளவில் 60 சதவீதத்தையாவது எட்டவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது.

மருந்துகள் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய அவையேதான். வேறுபாட்டின் பெரும்பகுதி மருந்துக்கு வெளியே இருக்கிறது: நோயை எவ்வளவு சீக்கிரம் கண்டார்கள், காய்ச்சலை எவ்வளவு வேகமாகக் கவனித்தார்கள், குடும்பம் எத்தனை மாதம் தாக்குப்பிடித்தது என்பவற்றில். சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். முதல் சில மாதங்கள் வார்டிலோ மருத்துவமனைக்கு அருகிலோ கழியும்: கீமோ, முதுகுத்தண்டில் ஊசி, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, ரத்தம், பிளேட்லெட். பிறகு வீட்டிலிருந்தே தினமும் மாத்திரை, குறித்த நாளில் பரிசோதனை. இரண்டாம் கட்டத்தில் பிள்ளை ஓடியாடி விளையாடும். நோய் போய்விட்டது என்று தோன்றும். மாத்திரை நிற்பது பெரும்பாலும் அப்போதுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் குழந்தைக்கு அடங்காத பசி வரும். நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும், முகம் வீங்கும், சிறு காரியத்துக்கும் வெறிகொண்டு அழும். இது மருந்தின் வேலை. முன்கூட்டியே சொல்லாவிட்டால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று வீட்டில் ஒருவரையொருவர் பழிப்பார்கள். ஐந்து நிமிடப் பேச்சில் தீரக்கூடிய துன்பம் இது.

யார் கூட இருப்பது

1950கள்வரை பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் வாரத்துக்குச் சில மணி நேரமே குழந்தையைப் பார்க்கலாம். தொற்று வரும் என்பது ஒரு காரணம். தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அடங்கிவிடுகிறது என்பது இன்னொன்று. அந்த அடக்கம் நலத்தின் அறிகுறி அன்று என்று காட்டியவர் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மருத்துவமனையில் தனியே கழித்த நாள்களை அவர் 1952இல் படமாக்கினார். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, கடைசியில் தாய் வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும் விலகல் என்று அவரும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் வகுத்த படிநிலைகள் அரசைத் தொட்டன. 1959இல் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை தடையற்ற பார்வை நேரத்தைப் பரிந்துரைத்தது. 1988இல் லெய்டனில் உருவான ஐரோப்பிய சாசனம், பெற்றோர் எந்நேரமும் உடனிருப்பதைக் குழந்தையின் உரிமை என்றே எழுதியது. பௌல்பி பாரம் முழுவதையும் தாயின் தலையில் வைத்துவிட்டார் என்ற குறையும் அப்போதிருந்தே சொல்லப்பட்டுவருகிறது.

குமரி மாவட்டத்தில் நின்று பார்த்தால் இந்த விவாதமே சற்று விசித்திரமாகத் தெரியும். நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி, எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் 1920களில் அங்கு வந்து வாய்ப் புற்றுநோயையும் வயிற்றுப்புண்ணையும் கையாண்ட காலம் உட்பட, நோயாளியோடு குடும்பமும் வரும் என்ற ஏற்பாட்டில்தான் நடந்தது. நம் ஊரில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போகச் சொன்னால் எந்தத் தாய் போவாள்?

இதை நம் பண்பாட்டின் வெற்றியாகக் கொண்டாடிவிட முடியாது. இந்திய வார்டுகளில் கூட இருப்பவர் இருப்பதற்குப் பாசம் பாதிக் காரணம்; செவிலியர் போதாமை மீதிக் காரணம். சொட்டு மருந்து முடிகிறதா என்று பார்ப்பவர், ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறவர், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவர், ரத்ததானம் செய்ய ஆள் தேடுகிறவர் எல்லாம் அவரே. வார்டுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. பல சமயம் அவர் தாய். முந்திரி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் என்றால் அவள் கூலி அன்றோடு நிற்கும். தகப்பன் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் விசைப்படகில் இருந்தால், செய்தி போய் அவர் கரை சேர வாரங்கள் ஆகலாம். ரப்பர் பால் வெட்டுகிறவர் என்றால் வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. ஐரோப்பிய சாசனம் கேட்ட உரிமை இங்கே கடமையாக ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சுமப்பவளுக்குக் குழந்தையோடு விளையாட, கதை சொல்ல, தூங்கத்தான் நேரம் இல்லை. ஸ்வீடனில் கடும் நோயுற்ற பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்கு அரசின் காப்பீட்டிலிருந்து ஊதிய ஈடு உண்டு. ‘கூட இரு’ என்ற அறிவுரைக்கு அங்கே பணம் பின்னால் நிற்கிறது.

வீட்டில் விடப்பட்ட மற்றப் பிள்ளைகளைப் பற்றி ஆய்வுகள் தாமதமாகவே பேசத் தொடங்கின. பாட்டி வீட்டில் ஆறு மாதம் இருக்கும் ஏழு வயது அக்காவுக்கு யாரும் எதையும் விளக்குவதில்லை. தான் சண்டை போட்டதால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

மருத்துவமனைக்கு அருகே தங்க இடம் கொடுப்பது குடும்பத்தின் இந்தச் சுமைக்கு ஒரு பதில். 1974இல் ஃபிலடெல்ஃபியாவில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி இவான்ஸ் முன்னின்று தொடங்கிய தங்குமில்லம் பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் மையங்கள் இப்போது சென்னையிலும் வேலூரிலும் உண்டு. சமைக்க அடுப்பு, படுக்க அறை, பிள்ளைகளுக்குப் பாடம்: கேட்கச் சிறியவையே. ஆனால் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்காமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைக் கண்டவர்கள் அவற்றைச் சிறியவை என்று சொல்லமாட்டார்கள்.

என்ன சொல்வது

1961இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணிப்பில் பத்தில் ஒன்பது மருத்துவர்கள், வயதுவந்த நோயாளியிடமே புற்றுநோய் என்று சொல்வதில்லை என்றார்கள். குழந்தையிடம் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. ஐந்து வயதுக்குக் கீழே மரணம் என்பது ஒரு பயணம்போலத்தான் விளங்கும் என்று புடாபெஸ்ட் குழந்தைகளிடம் மரியா நாகி செய்து 1948இல் வெளியான ஆய்வு, அந்த மௌனத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

எதிர்ப்பக்கம் மெதுவாக வளர்ந்தது. 1965இல் வெர்னிக், கேரன் என்ற இருவர், லுகேமியா வார்டில் குழந்தைகளிடம் உண்மையைப் பேசியதால் கேடு வரவில்லை என்று எழுதினார்கள். 1971இல் யூஜினியா வேக்டர் என்ற செவிலிய ஆய்வாளர், நோய் மறைக்கப்பட்ட குழந்தைகளும் படம் பார்த்துக் கதை சொல்லும்போது மரணத்தையே தொட்டதைக் காட்டினார். 1978இல் வந்த மைரா புளூபாண்ட்-லாங்னரின் நூல் இன்னும் ஆழம் போனது. மூன்று முதல் ஒன்பது வயதுவரையான லுகேமியாக் குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்த மானுடவியலாளர் அவர். மருந்துகளின் பெயர், அவற்றின் பக்கவிளைவு, எந்தப் படுக்கை காலியானது என்பவற்றை ஒருவருக்கொருவர் சொல்லி, பெரியவர்கள் வாய் திறக்காமலே அந்தக் குழந்தைகள் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள். அறிந்ததைப் பெற்றோரிடம் மறைத்தார்கள். அம்மா தாங்கமாட்டாள் என்பது அவர்கள் கணக்கு. 2004இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரைக் கேட்டது. மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசியிருந்த 147 பேரில் ஒருவரும் வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள்.

இந்தச் சான்றுகளை அப்படியே இங்கு இறக்கிவைப்பதில் தயக்கத்துக்கு இடமுண்டு. 1970களின் வார்டில் பெரும்பாலான குழந்தைகள் இறந்தார்கள். இன்று ‘சொல்வது’ என்றால் பெரும்பாலும் மரணத்தைச் சொல்வது இல்லை. ஏன் ஊசி, ஏன் முடி கொட்டுகிறது, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதைச் சொல்வது. ஸ்வீடன் பெற்றோர் ஆண்டுகள் கடந்து நினைவிலிருந்து பதிலளித்தவர்கள். பேசியவர்கள் பேசக்கூடிய குடும்பத்தாராகவே இருந்திருக்கலாம். நம் வீடுகளில் முடிவு ஒருவர் கையில் இருப்பதும் இல்லை. தாத்தாவுக்குத் தெரியும், தாய்மாமனுக்குத் தெரியும், தாய்க்கு மட்டும் ‘ரத்தத்தில் ஏதோ கோளாறு’ என்று சொல்லிவைத்திருப்பார்கள்.

ஆனால் மறைப்பதால் குழந்தை காக்கப்படுகிறது என்ற வாதம் இங்கு வேறு எந்த இடத்தையும்விடப் பலவீனமானது என்றே எனக்குப் படுகிறது. பெயர்ப்பலகையிலேயே கேன்சர் என்று எழுதியிருக்கும் இடத்தில், தலைமுடி கொட்டிய இருபது பிள்ளைகளுக்கு நடுவில், ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? மொழியும் இதில் சேர்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தார் மலையாளத்தைக் காதால் புரிந்துகொள்வார்கள். மருத்துவர் விரைந்து சொல்லும் மருந்து விவரமும் ஒப்புதல் படிவமும் வேறு. பெற்றோருக்கே பாதி புரிந்தது பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேரும்?

மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள்ள குழந்தைக்கு நோயின் பெயரைவிட வேறு சில செய்திகள் அவசரமானவை என்பதில் இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். இது உன் தப்பால் வந்ததில்லை. வலிக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்வேன். ‘இன்றைக்கு ஊசி கிடையாது மக்கா’ என்று சொல்லிக் கூட்டிப்போய் ஊசி போடவைக்கும் பொய், ஒரு நாள் அழுகையைத் தவிர்த்துவிட்டு இரண்டு ஆண்டு நம்பிக்கையைச் செலவழிக்கிறது.

எவ்வளவு வலி

இந்தக் கேள்வியில் அறிவியல் ஏறக்குறையத் தீர்ப்பு எழுதிவிட்டது, நடைமுறைதான் பின்தங்கியிருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தில்லாமலே அறுவை செய்த காலம் 1980கள்வரை நீண்டது. 1987இல் இந்தியாவில் பிறந்த மருத்துவர் கே. ஜே. எஸ். ஆனந்தும் ஹிக்கியும் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. குழந்தைப் புற்றுநோயில் நோயால் வரும் வலியைவிட, சோதனைகளாலும் ஊசிகளாலும் வரும் வலியே குழந்தையை அதிகம் மிரட்டுகிறது என்பது 1990இலிருந்து மருத்துவ வழிகாட்டிகளில் இடம்பெற்றது. முதல் முதுகுத்தண்டு ஊசியின்போது வலியை அடக்காமல் விட்டால், பின்னால் நல்ல மருந்து கொடுத்தாலும் சிறு குழந்தைக்கு அது சரியாகப் பலிக்காது என்று 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ‘சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்’ என்பதற்கு இது நேரான மறுப்பு.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு, குறுகிய நேர மயக்கம், தாயின் மடி, விளையாட்டு. வழிகள் இவையே. கிளீவ்லாந்தில் எம்மா பிளாங்க் 1955இல் மருத்துவமனைக்குள் விளையாட்டையும் பாடத்தையும் கொண்டுவந்ததிலிருந்து மேற்கில் இதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர்கள் உண்டு. நம்மிடம் அந்த வேலையைத் தன்னார்வலர்களும், வாய்த்தால் ஒரு சமூகப் பணியாளரும் செய்கிறார்கள். மயக்கவியலாளர் பற்றாக்குறை உண்மையான தடை. நான்கு பேர் பிடித்துக்கொள்ள ஊசி போடுவது சுலபம், மலிவு. அதன் செலவு வேறு கணக்கில் ஏறுகிறது.

மார்ஃபின் கதை தனி. 1985இன் போதைப்பொருள் சட்டம் வலிக்கான மருந்தையும் சேர்த்து முடக்கியது. 2014 திருத்தம்வரை மருத்துவமனைகள் பல உரிமங்களுக்காக அலையவேண்டியிருந்தது. அந்தத் திருத்தத்துக்காக நெடுங்காலம் வாதாடியவர்களில் முன்னணியில் இருந்தவர் டாக்டர் எம். ஆர். ராஜகோபால். அவர் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. வலித்தணிப்புச் சேவை என்றால் கைவிட்ட நிலை என்று அஞ்சிக் குடும்பங்கள் விலகுவது உண்டு. சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே அது கூட வரலாம், வரவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மணலும் நேர்ச்சையும்

‘ஏன் எங்க பிள்ளைக்கு?’ என்ற கேள்வி குமரிக் கடற்கரையில் பெரும்பாலும் மணவாளக்குறிச்சி மணலைச் சுட்டும். தோரியம் கலந்த மோனசைட் மணல் அது. இயற்கைக் கதிர்வீச்சு இங்கே அதிகம் என்பது உண்மை. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2009இல் வெளியான முடிவுகளின்படி, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனால் அவர்கள் முப்பது வயதைத் தாண்டியவர்கள். 2013இல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வு ஒன்று இயற்கைக் கதிர்வீச்சுக்கும் குழந்தை லுகேமியாவுக்கும் சிறு தொடர்பைக் கண்டது. ஆகக் குழந்தைகளைப் பொறுத்தவரை கேள்வி மூடப்படவில்லை. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு மணலால்தான் நோய் வந்தது என்றோ வரவில்லை என்றோ யாரும் சொல்லவும் முடியாது. கர்ப்பத்தில் கடற்கரையில் உட்கார்ந்தேனே என்று ஒரு தாய் தன்னைத் தண்டித்துக்கொள்வதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

வேளாங்கண்ணி, கோட்டாறு சவேரியார், மண்டைக்காட்டு அம்மன்: எங்கே நேர்ந்தாலும் நேர்ச்சை குடும்பத்தை நிமிர்த்தி வைக்கிறது, அனுபவமுள்ள மருத்துவர்கள் அதைத் தடுப்பதில்லை. தடுக்கவேண்டியது மாத்திரையை நிறுத்துவதை. வர்ம ஆசான்களின் மண் இது. கால் வலிக்கிறது என்று சிணுங்கும் பிள்ளையை எண்ணெய் போட்டுத் தடவக் கொண்டுபோவது இயல்பே. ஆனால் விழுந்த காயமில்லாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் எலும்பு வலியும், அதோடு வெளிறிய முகமும் காய்ச்சலும் லுகேமியாவின் அறிகுறிகளாக இருக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று பெரும்பாலும் முதல் துப்பைக் கொடுத்துவிடும்.

எல்லையும் தூரமும்

மேற்கத்திய விவாதங்களில் இடமே பெறாத ஒரு கேள்வி இங்கே மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மொழிக்கும் அரசியலுக்கும் அது நியாயமான முடிவு. நோய்க்குப் புவியியல் வேறு. நாகர்கோவிலிலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஆர்.சி.சி. ஏறத்தாழ எழுபது. எனவே பிள்ளைகள் மாநில எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிப் போகிறார்கள்.

பணமோ எல்லையில் தடுக்கி விழுகிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு உரியது. கேரளம் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று கொண்டுவந்த உதவிகள் அடிப்படையில் அந்த மாநிலத்தாருக்கானவை. எந்த அட்டை எந்தச் சன்னலில் செல்லும் என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே முதல் வாரம் போகும். காப்பீடு கிடைத்தாலும் பேருந்து, வாடகை, சாப்பாடு, இழந்த கூலி அதில் வராது. குணப்படுத்தும் சிகிச்சையைத் தொடர்ந்து நான்கு வாரம் தவறவிட்டால் ‘கைவிடல்’ என்று பன்னாட்டுக் குழந்தைப் புற்றுநோய்ச் சங்கம் வரையறுக்கிறது. கைவிட்டவர் என்ற சொல் பெற்றோரைக் குற்றவாளி ஆக்குகிறது. கைவிட்டது எது என்று கேட்டால் விடை பெரும்பாலும் வேறாக இருக்கும். 2020 பொதுமுடக்கத்தில் மாநில எல்லை அடைபட்டபோது, அதுவரை வரைபடக் கோடாக இருந்தது சிகிச்சையில் இருந்தவர்களுக்குத் தடுப்பு வேலியானது.

பணத்தைவிட அவசரமானது காய்ச்சல். கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது அவசர நிலை. மருத்துவமனையை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே நுண்ணுயிர்க்கொல்லி ஏறவேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் இலக்கு. குமரிக் கடற்கரைக் கிராமத்திலிருந்து இரவில் வண்டி பிடித்துத் திருவனந்தபுரம் சேர இரண்டு மணி நேரம் ஆகலாம். வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருந்தால் நிலைமை கைமீறும். பிரிட்டனில் இதற்குப் பகிர்வுச் சிகிச்சை முறை உண்டு: திட்டமும் கடினமான கட்டங்களும் பெரிய மையத்தில்; காய்ச்சலும் ரத்தமேற்றலும் வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையில். குமரியில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நெய்யூரில் புற்றுநோய் மையம் இருக்கிறது, 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலித்தணிப்புக்காக வீட்டுக்கே ஆளனுப்புகிறது. கட்டடங்களைவிட இங்கே தேவைப்படுவது இரண்டு மாநில மருத்துவர்களுக்கு இடையில் எழுத்தில் ஓர் இணக்கம். பகிர்வு முறைக்கும் குறைகள் உண்டு. பயிற்சி குறைந்த இடத்தில் முதல் மருந்து தவறாகலாம், பொறுப்பு யாருடையது என்பது மங்கலாம். தாமதத்தோடு ஒப்பிட்டால் அவை சமாளிக்கக்கூடியவை என்றே தோன்றுகிறது.

திறந்திருப்பவை

பெற்றோர் உடனிருக்கவேண்டும் என்பதிலும் வலியை அடக்கவேண்டும் என்பதிலும் இனி விவாதம் இல்லை. யார் செலவில் என்பதில்தான். குழந்தையிடம் எதை, எந்த வயதில், எந்தச் சொற்களில் சொல்வது என்பதற்குத் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுத் திரட்டிய சான்று மெலிந்ததே. கூட்டுக் குடும்பத்தின் மௌனம் எப்போது தாங்குகிறது, எப்போது தனிமைப்படுத்துகிறது என்று ஸ்வீடன் எண்களை வைத்து முடிவுகட்ட இயலாது. தகப்பன்மாரையும் உடன்பிறப்புகளையும் இந்த ஆய்வுலகம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. குணமாகிப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளை, வளர்ந்தபின் வேலையிலும் கலியாணப் பேச்சிலும் எதைச் சந்திக்கிறது என்பதும் அப்படியே.

இவற்றுக்கு விடை வரும்வரை காத்திருக்கவேண்டாத காரியம் ஒன்று உண்டு. பிள்ளையோடு வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பமும், நோயின் பெயர், நடக்கும் மருந்து, கடைசி ரத்த எண்ணிக்கை, காய்ச்சல் வந்தால் அருகிலுள்ள மருத்துவமனை முதலில் ஏற்றவேண்டிய மருந்து, அழைக்கவேண்டிய தொலைபேசி எண் ஆகியவை உள்ள ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மருத்துவருக்கு ஆங்கிலத்தில் ஒன்று, வீட்டுக்குத் தமிழில் ஒன்று. கேட்டால் எழுதித் தருவார்கள், கேளுங்கள்.